அல்கோய் ஊரில் எங்கள் பெயரில் ஒரு படை

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

உடுவிலில் இருந்துகொண்டு ஸ்பெயின் நாட்டுத் திருவிழா ஒன்றைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த நாட்டுக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பு எங்கள் பிறப்புச் சான்றிதழிலேயே கிடக்கிறது. இனம் என்ற கூட்டில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதுகிறார்கள். அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது 'மூர்' என்கிறார்கள். சோனகர் என்ற சொல் பழைய 'யவனர்' என்பதிலிருந்து திரிந்து வந்தது, அது எங்கள் பக்கத்துச் சொல். மூர் என்ற சொல்லுக்கும் இந்த மண்ணுக்கும் ஆதியில் ஒரு சம்பந்தமும் இல்லை. வட ஆபிரிக்காவின் ஒரு கரையோரத்தாருக்கு உரோமர் வைத்த பெயர் அது. 711 இல் முஸ்லிம் படைகள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து ஸ்பெயினுக்குள் போன பிறகு, அங்கிருந்த கிறிஸ்தவர்கள் தங்கள் நாட்டு முஸ்லிம்கள் எல்லோரையும் 'மோரோ' என்றார்கள். போர்த்துக்கேயர் அதை 'மௌரோ' என்றார்கள். 1498 இல் வாஸ்கோ ட காமாவின் ஆள் கள்ளிக்கோட்டையில் கரையிறங்கியபோது, அவனோடு முதலில் ஸ்பானிய மொழியில் கதைத்தவர்கள் தூனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர். இத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்தும் முன்னால் நிற்பது பழைய அயலவன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு மலையாளக் கரையிலும், 1505 இல் இலங்கையிலும், தொழுகிற மனிதர் யாரைக் கண்டாலும் அவர்களுக்கு 'மௌரோ'தான். ஸ்பானியர் பிலிப்பைன்ஸுக்குப் போய் அங்குள்ள முஸ்லிம்களுக்கும் இதே பெயரைச் சூட்டினார்கள். தெற்குப் பிலிப்பைன்ஸின் 'பங்சமோரோ' என்ற பெயரில் இன்றும் அது நிற்கிறது. எங்களையும் அவர்களையும் மொரோக்கோக்காரரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிய பெயர் இது.

அப்படிப்பட்ட பெயரைச் சுமக்கும் நாங்கள், அந்தப் பெயருக்கு வருடந்தோறும் விழா எடுக்கும் ஊர் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால் விடுவோமா? பிரான்ஸில் இருக்கும் எங்கள் தங்கச்சி குடும்பம் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டபோது, ஈபிள் கோபுரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அல்கோய்க்குப் போவோம் என்று சொன்னோம். மச்சான் ஒருமாதிரிப் பார்த்தார். வரலாறு படிப்பிக்கிற ஆட்களை வீட்டுக்கு அழைத்தால் இதுதான் நடக்கும்.

ஸ்பெயினில் வசந்தகாலம் முழுக்க விழாக்காலம். வலென்சியாவில் மார்ச் மாதம் பெரிய பெரிய பொம்மைகளைச் செய்து 19 ஆம் திகதி இரவு எரிப்பார்கள். செவில் நகரின் ஏப்ரல் சந்தை 1847 இல் மாட்டுச் சந்தையாகத் தொடங்கி, இன்று ஆட்டமும் பாட்டமும் குதிரைவண்டியுமாக மாறிவிட்டது. சுன்னாகம் சந்தையைப் போல ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருவிழாவாகிப் போனதென்று வைத்துக்கொள்ளுங்கள். அல்கோய் இந்த இரண்டையும் விட வேறு மாதிரி. அலிகாந்தே மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே, ஆழமான பள்ளங்களின் மேல் பாலங்கள் போட்டுக் கட்டிய நெசவு, காகித ஆலை நகரம். அங்கே நடப்பது 'மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்', அதாவது சோனகரும் கிறிஸ்தவரும். அந்தப் பகுதியில் எத்தனையோ ஊர்களில் இந்த விழா நடக்கிறது. அல்கோயில் நடப்பதுதான் பேர்போனது. வழமையாக ஏப்ரல் 22, 23, 24 ஆம் திகதிகள். பெரிய வியாழன், உயிர்த்த ஞாயிறோடு முட்டினால் தள்ளி வைப்பார்கள்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். அரகோன் மன்னன் முதலாம் ஹைமே 1238 இல் வலென்சியாவைப் பிடித்தான். தெற்கு மலைகளில் இருந்த முஸ்லிம் சிற்றரசர்கள் சிலர் அவனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தங்கள் கோட்டைகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் முஹம்மத் இப்னு ஹுதைல். ஊர் அவரை அல்-அஸ்ரக், நீலக்கண்ணர், என்று அழைத்தது. அவர் மன்னனின் மகனோடு செய்த ஒப்பந்தம் அரபியிலும் அந்நாட்டு மொழியிலும் ஒரே தாளில் எழுதப்பட்டு இன்றும் இருக்கிறது. ஒப்பந்தம் நிலைக்கவில்லை. அல்-அஸ்ரக் கிளர்ந்தார், பல வருடம் மலைகளைக் கையில் வைத்திருந்தார், பிறகு நாடு கடத்தப்பட்டார். கிறிஸ்தவக் குடியேற்றமாக அல்கோய் 1256 இல் உருவானது. இருபது வருடம் கழித்து, 1276 ஏப்ரலில், அல்-அஸ்ரக் படையோடு திரும்பி வந்து அல்கோயைத் தாக்கினார். அங்கேயே கொல்லப்பட்டார். மதிலின் மேல் புனித ஜோர்ஜியார் வெள்ளைக் குதிரையில் தோன்றி அம்பெய்தார் என்பது ஊர் நம்பிக்கை. ஹைமே மன்னனும் அதே வருடம் ஜூலையில் இறந்துபோனான். 17 ஆம் நூற்றாண்டிலேயே ஜோர்ஜியாரின் ஊர்வலத்தில் ஊரார் சோனகப் படை, கிறிஸ்தவப் படை என்று வேடம் கட்டி நடந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது விழாவுக்கு வருவோம். ஊரில் 28 குழுக்கள் உண்டு. குழுவுக்கு 'ஃபிலா' என்று பெயர். 14 சோனகப் பக்கம், 14 கிறிஸ்தவப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடம், தனி உடுப்பு, சந்தா, கணக்கு, சண்டை. எங்கள் ஊர் விளையாட்டுக் கழகங்களும் கோயில் உபயகாரரும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியோ அப்படி. பிள்ளை பிறந்ததும் தகப்பனின் ஃபிலாவில் பதிவு செய்துவிடுவார்களாம். பெண்கள் சமமாகச் சேரமுடியாதபடி வெகுகாலம் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். அது மாறத் தொடங்கியது அண்மைக்காலத்தில்தான். முஸ்லிம்களைப் பார்த்துப் பெண்ணுரிமை பேசும் ஐரோப்பிய நண்பர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

முதல் நாள் காலையில் கிறிஸ்தவப் படை நுழைகிறது. இரும்புக் கவசம், வாள், இறகு வைத்த தொப்பி. நல்லாயிருந்தது. பின்னேரம் சோனகப் படையின் நுழைவு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். தோளோடு தோள் ஒட்டிப் பத்துப் பேர் அளவில் ஒரு வரிசை. தலைப்பாகை, பட்டு அங்கி, பவுண் நிறச் சரிகை, வாயில் சுருட்டு. முன்னால் ஒருவன் வாளைச் சுழற்றிக்கொண்டு பின்பக்கமாக அடி எடுத்து வைக்கிறான். பின்னால் வாத்தியக் குழுவின் மேளம் மெதுவாக இடிக்கிறது. அந்த வரிசை நடக்கவில்லை, அலை மாதிரி ஆடி ஆடி வருகிறது. இந்த நடைக்கென்றே 'சோனக அணிவகுப்பு' என்று ஒரு தனி இசைவகையை அந்த ஊர் இசைக்காரர் உருவாக்கியிருக்கிறார்கள். முதலாவது மெட்டு 1907 இல் வந்தது. ஒட்டகம் வந்தது, யானை மாதிரி ஒரு தேர் வந்தது, நெருப்பு ஊதுகிறவர்கள் வந்தார்கள். வீதியின் இரண்டு பக்கமும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த சனம் எழுந்து நின்று கைதட்டியது. காலையில் இந்தக் கைதட்டல் இல்லை. எல்லாருக்கும் சோனகனாக இருக்கத்தான் ஆசை.

எங்களுக்கு உடனே சூரன்போர் ஞாபகம் வந்தது. கந்தசஷ்டிக்கு இணுவிலிலும் நல்லூரிலும் வெல்லப்போவது முருகன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இளந்தாரிகள் சூரனைத் தூக்கத்தானே நிற்கிறார்கள்? ஆடுவது சூரன், தலை மாறுவது சூரன், சின்னப் பிள்ளைகள் பார்ப்பது சூரனை. ஆனால் சூரனுக்கு இங்கே சொந்தக்காரர் என்று ஒரு குடும்பமும் இல்லை. சோனகனுக்கு இருந்தது.

மூன்றாம் நாள் வெடிமருந்து நாள். நகரச் சதுக்கத்தில் மரத்தால் ஒரு கோட்டை. காலையில் சோனகப் பக்கத்துத் தூதன் குதிரையில் பாய்ந்து வந்து கடிதம் கொடுக்கிறான், கிறிஸ்தவத் தளபதி கிழித்தெறிகிறான். பிறகு செய்யுளில் ஒரு நீண்ட வாக்குவாதம். அண்ணாவியார் நின்று பழக்கிய கூத்தில் அரசனும் தூதனும் தர்க்கம் செய்வார்களே, அச்சாக அதுதான். பிறகு ஊர் முழுக்கப் பழங்காலத் துவக்குகள் வெடிக்கின்றன. காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். வடமராட்சியிலும் வலிகாமத்திலும் வளர்ந்த ஆட்களுக்கு வெடிச்சத்தம் விளையாட்டில்லை. எங்கள் தங்கச்சி பாதியில் ஒரு கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். மதியம் கோட்டையில் பிறைக்கொடி ஏறுகிறது. பின்னேரம் கிறிஸ்தவர் திருப்பிப் பிடிக்கிறார்கள். இருட்டியதும் கோட்டை உச்சியில் ஜோர்ஜியார் வேடமிட்ட ஒரு சின்னப் பையன் தோன்றி அம்புகளை எறிகிறான். சோனகர் சரணடைகிறார்கள். விழா முடிகிறது.

தெருவில் வாங்கித் தின்றவற்றையும் சொல்லவேண்டும். அல்கோயில் சீனிப்பாகு பூசிய பாதாம் பேர்போனது. பக்கத்து ஹிஹோனா ஊரில் பாதாமும் தேனும் சேர்த்து ஒரு இனிப்பு செய்கிறார்கள். இரண்டும் சோனகர் விட்டுப்போன கைப்பக்குவம் என்று கடைக்காரரே சொல்கிறார். மற்றப்படி எங்கு பார்த்தாலும் பன்றித் தொடை தொங்குகிறது. வெறும் ருசிக்காக மட்டும் தொங்கிய காலமல்ல பழைய காலம். 16 ஆம் நூற்றாண்டில் ஒருவன் பன்றி சாப்பிடவில்லை என்பதே விசாரணை மன்றத்துக்கு முன் அவன் மேல் குற்றச்சாட்டு ஆகலாம். நாங்கள் தோடம்பழமும் பாணும் வாங்கிக்கொண்டோம்.

தோடம்பழத்தின் கதையும் கொஞ்சம் சுவையானது. ஸ்பானியத்தில் அதற்கு 'நரஞ்ஹா'. அரபியில் நாரஞ்ச். அதற்கு முன் பாரசீகம், வடமொழி. அதற்கும் முன்னால் எங்கள் நாரத்தையாக இருக்கவேண்டும் என்று சொல்லாராய்ச்சிக்காரர் பலர் சொல்கிறார்கள். தமிழ் நாரத்தை அரபு வியாபாரியின் வாயில் ஏறி வலென்சியா போய்ச் சேர்ந்திருக்கிறது. நாங்களோ அதை மறந்து தோடை என்கிறோம்! அங்கே சீனிக்கும் அரபுப் பெயர், வாய்க்காலுக்கும் அரபுப் பெயர். போர்த்துக்கேயர் கொண்டுவந்து எங்கள் நாவில் வைத்துவிட்டுப் போன சொற்களை எல்லோரும் அறிவார்கள்: அலுமாரி, மேசை, சப்பாத்து, துவாய், லேஞ்சி, பாண். ஏலமும் அவர்கள் தந்ததுதான். ஆனால் அந்த ஏலம் போர்த்துக்கேயத்துக்கே அரபியிலிருந்து போனதாகச் சொல்கிறார்கள். எங்களைத் துரத்த வந்தவர்களின் வாயிலும் எங்கள் பக்கத்துச் சொல் இருந்திருக்கிறது.

தண்ணீர்க் கதையை இங்கே உள்ள தோட்டக்காரருக்காகவே சொல்கிறோம். வலென்சியா நகரின் பேராலய வாசலில் வியாழக்கிழமை தோறும் மதியம் 12 மணிக்குத் தண்ணீர் மன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களுக்குத் தோட்டக்காரர் தெரிவுசெய்த எட்டுப் பிரதிநிதிகள் கறுப்பு அங்கியோடு வட்டமாக உட்காருவார்கள். என் முறைக்கு அவன் மடையைத் திறந்துவிட்டான் என்று ஒருவர் முறையிடுவார். வக்கீல் இல்லை, எழுத்து இல்லை, அங்கேயே கேட்டு அங்கேயே தீர்ப்பு. முஸ்லிம் ஆட்சிக்காலத்து நீர்ப்பாசன முறையில் வேர்விட்டது என்று கொள்கிறார்கள். 2009 இல் யுனெஸ்கோ இதை மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கிணற்றில் இத்தனை பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று காணி உறுதியில் எழுதி, அதற்காக மூன்று தலைமுறை வழக்காடும் எங்கள் உடுவில், ஏழாலை, குப்பிழான் ஆட்களுக்கு இந்த மன்றத்தின் அருமை நன்றாக விளங்கும்.

சரி, அந்த வாய்க்கால்களை வெட்டிய மனிதர்கள் எங்கே போனார்கள்?

அல்கோய் விழாவில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. விழா 1276 இல் நின்றுவிடுகிறது. சோனகர் அதற்குப் பிறகும் முந்நூறு வருடத்துக்கு மேல் அதே மலைகளில் உழுதுகொண்டிருந்தார்கள். 1492 இல் கிரானடா வீழ்ந்தது. கஸ்தீலியாவில் 1502 இலும் வலென்சியாவில் 1526 அளவிலும் மதம் மாறு அல்லது வெளியேறு என்றார்கள். மாறியவர்களை 'மொரிஸ்கோ' என்றார்கள், சின்னச் சோனகன் என்பது போல ஒரு இளக்காரமான சொல். ஞானஸ்நானம் பெற்று நூறு வருடம் போனபிறகும் அவர்கள் சந்தேகத்துக்குரியவர்களே. 1609 ஏப்ரல் 9 இல், ஆம் அதே வசந்தத்தில், மூன்றாம் பிலிப் மன்னன் அவர்களை நாட்டை விட்டு அனுப்பும் முடிவை எடுத்தான். வலென்சியாவில் அது செப்டெம்பர் 22 இல் பறையறைவிக்கப்பட்டது. மூன்று நாள் தவணை. கையில் சுமக்கக்கூடியதை மட்டும் கொண்டுபோகலாம். வீடு, நிலம், மரம் எல்லாம் பிரபுக்களுக்கு. நூறு வீட்டுக்கு ஆறு வீடு மட்டும் இருக்கலாம் என்று ஒரு சலுகை வைத்தார்கள், ஏன் தெரியுமா? வரப்போகும் புதியவர்களுக்குச் சீனி ஆலையையும் நெல் விளைச்சலையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! சின்னப் பிள்ளைகள் பலரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்துக்கொண்டார்கள். அல்-அஸ்ரக் இருந்த அதே மலைப்பக்கத்தில், லகுவார் பள்ளத்தாக்கில், சிலர் எதிர்த்து நின்று அழிந்தார்கள். 1614 இல் எல்லாம் முடிந்தபோது ஸ்பெயின் முழுவதும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டிருந்தார்கள். வலென்சியா இராச்சியத்தில் மூன்றில் ஒரு பங்குச் சனம் இல்லாமல் போனது.

வலென்சியாவில் பறையடித்த அந்த மூன்றாம் பிலிப்பின் பெயர் யாழ்ப்பாண வரலாற்றிலும் வரவேண்டிய பெயர். 1580 தொடக்கம் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசன். இலங்கை விடயங்களைப் பார்த்தது லிஸ்பனும் கோவாவும் என்பது உண்மை. ஆனாலும் முடி அவன் தலையில். 1619 இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்துச் சங்கிலி குமாரனைக் கோவாவுக்கு அனுப்பியதும் இந்த மன்னனின் பெயரில்தான், மொரிஸ்கோக்களை அனுப்பிப் பத்து வருடத்தில். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். பிறகு 1626 இல், அவன் மகனின் காலத்தில், கொன்ஸ்தந்தீனு டி சா இலங்கையில் போர்த்துக்கேயர் வசமிருந்த இடங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். அதற்குச் சரியாக நூறு வருடத்துக்கு முன்னர் கொழும்பு முஸ்லிம்களை வெளியேற்றும்படி கோட்டை மன்னரை நெருக்கியிருந்தார்கள். 1626 இல் போக்கிடமற்று நின்றவர்களைக் கண்டி மன்னர் செனரத் ஏற்று, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினார். கிழக்கில் எங்கள் சனத்தின் வரலாற்றில் அது ஒரு பெரிய அத்தியாயம். வலென்சியாவில் உலர்ந்த மை மட்டக்களப்பு வரை ஊறி வந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்த ஞாபகம் எங்களுக்கு இல்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது நாங்கள்தான் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இன்னொரு ஸ்பானியரும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அவர் வாளோடு வந்தாரா வாள் இல்லாமல் வந்தாரா என்பது சுவாரசியமான கேள்வி. கிளாலி யாகப்பர் கோயிலைத் தெரியாத யாழ்ப்பாணத்தார் உண்டா? தொண்ணூறுகளில் நீரேரியைக் கடந்தவர்கள் அந்தக் கரையை மறக்கமாட்டார்கள். அந்த யாகப்பர் ஸ்பெயின் நாட்டின் பாதுகாவலரான சந்தியாகு. ஸ்பானியர் அவரைச் சோனகரைக் கொல்பவர் என்ற அடைமொழியோடும் வணங்கினார்கள். சந்தியாகு நகரப் பேராலயத்தில் வெள்ளைக் குதிரையில் வாள் வீசும் சிலை ஒன்று உண்டு. குதிரைக் காலடியில் கிடக்கும் சோனகத் தலைகள் தெரியாதபடி இன்று பூக்களை அடுக்கி மறைத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647 இல் கிளாலிப் புனிதர் மேல் பாடிய நூலின் பெயர் 'சந்தியோகுமையோர் அம்மானை'. சந்தியாகு மையோர், அதாவது பெரிய யாகப்பர், என்ற ஸ்பானிய, போர்த்துக்கேயப் பெயர் அப்படியே தமிழாகி அம்மானையில் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்குக் கிளாலிக்கு நேர்த்திவைத்துப் போகிறவர்களுக்கு அந்த வாளைப் பற்றி ஒன்றும் தெரியாது. புனிதருக்கு இங்கே கடலும் மழையும் பிள்ளைப்பேறுந்தான் வேலை. எங்கள் பார்வையில் அது நல்ல இடமாற்றம்.

கூத்து ரசிகர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. கேரளக் கத்தோலிக்கரின் சவிட்டு நாடகத்தில் பேர்போனது 'காறல்மான் சரிதம்'. பிரெஞ்சு நாட்டுச் சார்லமேன் முஸ்லிம்களோடு செய்த போர்க்கதை. அதைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர். ஆக அல்கோய்க் கோட்டையின் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று மலையாளக் கரையில் தமிழ் அண்ணாவியின் கையால் ஆடப்பட்டிருக்கிறது.

மூர் என்ற பெயர் பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய்ச் சனத்தொகைக் கணக்கில் ஏறியது. அப்போது எங்கள் ஊர்க்காரர் மாதிரி ஆகிவிட்ட ஒருவர் நடுவில் வருகிறார். மருதனார்மடத்தில் 1913 இல் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதன். அந்தக் கல்லூரியால் இப்பகுதிக்குக் கிடைத்த நன்மையை நாங்கள் மறுக்கமாட்டோம். அவர் 1888 இல் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம் என்பது அவர் வாதம். வெறும் ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டும் என்று பேச்சு அடிபட்ட காலம், தமிழ் பேசுவோரின் பிரதிநிதி அவர். அடுத்த வருடமே முஸ்லிம்களுக்கு ஒரு ஆசனம் கிடைத்தது. 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் மறுப்பு நூல் எழுதினார், எங்கள் வேர் அரபு நாட்டில் என்று. நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த வழக்கு இன்னும் முகநூலில் நடக்கிறது. எங்களைக் கேட்டால் இரண்டு பேரும் ஒரு விடயத்தைத் தொடாமலே விட்டார்கள் என்போம்: தமிழரா அரபியரா என்று அடிபட்ட அந்தச் சனத்துக்கு அரசாங்கப் பதிவில் நின்ற பெயரோ ஸ்பெயின் நாட்டு மதச்சண்டையில் எதிரிக்கு வைத்த பெயர். அதைத் தூக்கி எறியாமல் தலையில் வைத்து 'மூர்' சங்கங்கள் அமைத்தோம். வீட்டில் தமிழ் பேசி, தொழுகையில் அரபி ஓதி, பிறப்புச் சான்றிதழுக்கு ஸ்பானியப் பெயர். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

அல்கோயில் சிரிப்பு வராத இடமும் இருந்தது. அந்தப் பிராந்தியத்தின் சில ஊர்களில் விழாவின்போது 'மஹோமா' என்று ஒரு பெரிய உருவப் பொம்மையைக் கோட்டையில் ஏற்றுவார்கள். யாருடைய பெயர் என்று சொல்லத் தேவையில்லை. விழா முடிவில் அதன் தலைக்குள் வெடி வைத்து வெடிக்கும் வழக்கம் சில ஊர்களில் இருந்தது. டென்மார்க் கேலிச்சித்திரப் பிரச்சினை எழுந்த 2006 இல் பொக்கைரெந்த் ஊரார் அதைக் கைவிட்டார்கள். பயத்தால் விட்டார்கள் என்று பத்திரிகைகள் சில எழுதின. பியார், வில்லேனா என்ற இரண்டு ஊர்களிலோ அந்தப் பொம்மையை வெடிப்பதில்லை, ஊர்ச் சொத்தாகச் செல்லமாகக் கொண்டு திரிகிறார்கள். எங்களுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே அளவு கெட்டது என்று சொல்லவும் மனம் வரவில்லை. விழாவில் பழச்சாறு விற்ற மொரோக்கோ நாட்டுத் தம்பி ஒருவரிடம் இதைக் கேட்டோம். பிள்ளைகள் அங்கே பாடசாலைக்குப் போகிறார்களாம். மகனுக்குச் சோனகப் படையில் போகத்தான் ஆசை என்றார். உடுப்புக்கு ஆகும் காசைச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான், அடுத்த ஆளுக்குச் சாறு பிழியப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பஸ் ஜன்னலால் ஊர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். பெனியோபா, பெனிமசோட், பெனிஃபயிம். எல்லாம் 'பனீ' என்ற அரபுச் சொல், இன்னாரின் மக்கள் என்று பொருள். 1609 இல் ஆள் போன மலைக்கிராமங்கள் பலவற்றில் மயோர்க்காத் தீவிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்கள் ஊர்ப்பெயரை மாற்றவில்லை. யாருடைய மக்கள் என்று தெரியாமலே நானூறு வருடமாக அந்தப் பெயரில் கடிதம் வாங்குகிறார்கள்.

1990 ஒக்டோபர் 30 ஐப் பற்றி இதில் எழுதாமல் போகலாமா என்று யோசித்தோம். முடியவில்லை. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறவேண்டும் என்றார்கள் ஆயுதத்தோடு நின்றவர்கள். மூன்றாம் பிலிப் மூன்று நாள் தந்திருந்தான். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து போன முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். எங்கள் உம்மா கொண்டுவந்தது இரண்டு சீலையும் குர்ஆனும். வாப்பா கடைத் திறப்பைப் புத்தளத்தில் சாகும்வரை வைத்திருந்தார். பூட்டும் இல்லை, கதவும் இல்லை, கூரையும் இல்லை என்று அவருக்கும் தெரியும். அயலில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வேலிக்கு அப்பால் நின்று அழுததையும் அவர்தான் சொன்னார். அவர்கள் வாய் திறக்க முடியாத காலம் அது. அதை எழுதாவிட்டால் இந்தக் கதை அரைக்கதை. திரும்பி வந்தவர்கள் சிறு பகுதியினர். நாங்கள் வந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். எங்களைச் 'சேர்' என்று கூப்பிடுகிற பிள்ளைகளில் பலர், முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளில் குற்றமில்லை. அவர்கள் பிறந்தபோது நாங்கள் இங்கே இல்லை.

அல்கோய்க்காரர் தங்கள் சோனகரை மறக்கவில்லை. பட்டுடுத்தி, மேளமடித்து, ஒட்டகத்தில் ஏற்றி வருகிறார்கள். அனுப்பியதைத்தான் மறந்திருக்கிறார்கள். அங்கே ஒரு கிழவர், தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். இலங்கை என்றோம். என்ன இனம் என்றார். மோரோ என்றோம். நம்பவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்ட அதில் இனம் போடுவதில்லையே! கைத்தொலைபேசியில் இருந்த பிறப்புச் சான்றிதழ்ப் படத்தைக் காட்டினோம். நீண்டநேரம் பார்த்தார். பிறகு தன் ஃபிலாக் கூட்டாளிகள் நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தோம், ஐந்து வேடச் சோனகரும் நாங்களும். படத்தைக் கீழே போட்டிருக்கிறோம்.

சோனகத் தெருவிலும் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் 1990 க்கு முன் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன கடை, என்ன தொழில் என்று மூத்தவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை 43 வீடு. புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் யாழ்ப்பாணத்தார், அயலில் இருந்த தமிழ்ச் சகோதரர்கள், உங்களுக்குத் தெரிந்ததை உள்பெட்டியில் அனுப்புங்கள். பழைய உறுதி, கலியாணப் படம், கடைப் பற்றுச்சீட்டு எதுவானாலும் பரவாயில்லை. வீட்டு இலக்கம் ஞாபகம் இல்லாவிட்டால் முற்றத்தில் என்ன மரம் நின்றது என்று சொன்னாலும் போதும், பிடித்துவிடுவோம்.